"பகுக்கப்பட்டன" என்ற ஒற்றைச் சொல்

மொழியியல், வரலாறு, இலக்கியம் ஆகிய துறைகளில் கணினியின் துணைகொண்டு எழுதப்படும் ஆய்வேடுகளின் முறையியல் இயலில் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது: "எக்ஸ்எம்எல் கோப்புகள் பகுக்கப்பட்டு, நிரலின் தரவுக் கட்டமைப்புகளில் சேமிக்கப்பட்டன." அடுத்த பத்தியில் சொல்லடைவும் வரைபடங்களும் தொடங்கிவிடுகின்றன. யார் பகுத்தார், எதை எடுத்தார், எதை விட்டார், விட்டதை அறிந்து விட்டாரா அறியாமல் விட்டாரா என்ற கேள்விகள் அனைத்தையும் அந்தச் செயப்பாட்டு வினை மூடிவிடுகிறது. புறத்தேர்வாளரும் அங்கே நிற்பதில்லை. அது எழுத்தர் வேலை, ஆய்வு வேலை அன்று என்பது பொதுவான எண்ணம்.

அந்த எண்ணம் தவறானது. ஒரு கோப்பை நிரலின் சொந்தக் கட்டமைப்புக்குள் கொண்டுவரும் வேலை, ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதும் வேலைக்கு நிகரானது. பெயர்த்தெழுதுபவர் ஒரு வரியைத் தாவினால், அவருக்குப் பின் வந்தவர் அனைவரும் அந்த வரியை இழப்பர். நிரல் தாவினாலும் விளைவு அதுவே. ஒரு வேறுபாடு உண்டு: சுவடியில் தாவிய இடத்தில் யாப்பு முறிந்து காட்டிக்கொடுக்கக்கூடும், நிரலின் அட்டவணையில் எந்தத் தடயமும் இராது.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எக்ஸ்எம்எல் 1.0 பரிந்துரையை 1998 பிப்ரவரியில் வெளியிட்டது. அதன்படி ஒரு கோப்பை வாசிப்பது இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டம் பகுப்பானுடையது. அது குறிச்சொற்களையும் உரையையும் பிரித்து, டாம் போன்ற மரமாகவோ, சாக்ஸ் போன்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிகழ்வுகளாகவோ கொடுக்கிறது. இந்தக் கட்டத்தின் விதிகள் கண்டிப்பானவை. திறந்த குறிச்சொல் மூடப்படவில்லை என்றால் பகுப்பான் பிழையை அறிவித்து நின்றுவிட வேண்டும். ஊகித்துச் சரிசெய்யும் உரிமை அதற்கு இல்லை. குறிச்சொற்களுக்கு வெளியே உள்ள எழுத்துகளை, வெற்றிடம் உட்பட, அது நிரலுக்கு ஒப்படைத்தாக வேண்டும்.

இரண்டாம் கட்டம் ஆய்வாளருடையது. அந்த மரத்திலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துப் பட்டியலாகவோ, அகராதியாகவோ, அட்டவணையாகவோ அவர் அமைக்கிறார். இங்கே எந்தத் தரநிலையும் கிடையாது. தவறினால் நிறுத்துவாரும் இல்லை. கோப்பு செவ்வையாக அமைந்தது என்று பகுப்பான் சான்றளித்ததை, தரவு செவ்வையாக வந்து சேர்ந்தது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது.

ஓர் எளிய எடுத்துக்காட்டு போதும். ஒரு நாட்குறிப்பில் இடப்பெயர்களுக்குக் குறிச்சொல் இட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்:

<வரி>அவர் <இடம்>தில்லி</இடம்>க்குச் செல்லவில்லை.</வரி>

(குறிச்சொற்களின் பெயர்களைத் தமிழில் இட எக்ஸ்எம்எல் விதிகள் இடம் தருகின்றன.) பைத்தான் மொழியுடன் 2006 முதல் சேர்ந்தே வரும் எலிமெண்ட்ட்ரீ தொகுதி இதை வாசிக்கும்போது, "அவர்" என்பது வரி என்ற உறுப்பின் உரையாகிறது. "தில்லி" என்பது இடம் என்ற உறுப்பின் உரையாகிறது. "க்குச் செல்லவில்லை" என்ற பகுதியோ வரியின் உரையில் சேர்வதில்லை. இடம் என்ற உறுப்பின் வாலாக அது தனியே ஒட்டப்படுகிறது. அத்தொகுதியின் கையேடு இதைத் தெளிவாகவே கூறுகிறது. ஆனால் முதன்முறை நிரல் எழுதும் மாணவர் ஒவ்வோர் உறுப்பின் உரையையும் எடுத்துக் கோக்கிறார். வால் என்று ஒன்று இருப்பதை அவர் அறியார். அவரது கட்டமைப்புக்குள் வந்து சேர்வது "அவர் தில்லி" மட்டுமே.

ஆங்கிலத் தொடரில் எதிர்மறை முன்னரே வந்துவிடும். வால் இழந்தாலும் மறுப்பு எஞ்சியிருக்கும். தமிழில் வேற்றுமை உருபும் வினையும் மறுப்பும் பெயருக்குப் பின்னே வருகின்றன. ஆகவே இந்தப் பிழை நம் மொழியில் தொடரின் பொருளையே கொண்டுபோய்விடுகிறது. இன்னொருவர் வாலையும் எடுத்து, துண்டுகளுக்கிடையே வெற்றிடம் இட்டுச் சேர்க்கிறார். அப்போது "தில்லி" ஒரு சொல்லாகவும் "க்குச்" இன்னொரு சொல்லாகவும் எண்ணப்படுகின்றன. உருபேற்ற பெயர்களை ஆராயும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய கேடு வேண்டியதில்லை. இரு நிரல்களும் ஒரு பிழைச்செய்தியும் இன்றி ஓடி முடியும்.

பாடபேதங்களின் நிலை இதனினும் நுட்பமானது. புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919 முதல் 1966 வரை உழைத்து மகாபாரதத்தின் செம்பதிப்பை முடித்தது. மேலே தேர்ந்த பாடம், கீழே சுவடிகளின் வேறுபாடுகள் என்று அச்சிட்ட பக்கத்தில் இடமே அவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. மின்பதிப்பில் அந்தப் பணியைக் குறிச்சொற்கள் ஏற்கின்றன. 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. என்னும் உரைக் குறியீட்டு முயற்சியின் நெறிமுறைகள், தேர்ந்த பாடத்துக்கு ஓர் உறுப்பும் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஓர் உறுப்பும் வகுத்து, அனைத்தையும் ஒரே கூட்டுக்குள் வைக்க வழி செய்கின்றன. சாரித் போன்ற வடமொழி மின்னூல் தொகுப்புகள் டி.இ.ஐ. முறையையே பின்பற்றுகின்றன. இவ்வாறு குறியிட்ட ஒரு கோப்பின் உரை முழுவதையும் வரிசையாக எடுத்துக் கோக்கும் நிரல், தேர்ந்த பாடத்தையும் தள்ளிய பாடங்களையும் ஒரே செய்யுளாக்கிவிடும். எந்தச் சுவடியிலும் இல்லாத, எந்தக் கவிஞரும் பாடாத ஒரு பாடம் உருவாகிறது. பாடபேதம் மிகுந்த பகுதிகளில் சொற்களின் எண்ணிக்கை உயரும். அதை நடைவேறுபாடு என்றும் இடைச்செருகலுக்குச் சான்று என்றும் ஓர் ஆய்வேடு வாதிடக்கூடும். பதிப்பாசிரியர்கள் பல பத்தாண்டுகளில் பிரித்து வைத்ததை ஒரே கட்டளை கலந்துவிட்டது என்பதை அந்த ஆய்வேட்டைப் படிப்பவர் எப்படி அறிவார்?

இல்லாமையும் ஒருவகைத் தரவு. கல்வெட்டுத் தொகுப்பு ஒன்றில் ஆண்டு என்ற உறுப்பு வெறுமையாக இருந்தால், பதிப்பித்தவர் தேடினார், ஆனால் ஆண்டு கிட்டவில்லை என்று பொருள்படலாம். அந்த உறுப்பே இல்லையெனில், இன்னும் தேடவே இல்லை என்று பொருள்படலாம். நிரல் இரண்டையும் சுழியம் என்று பதிந்துகொண்டால், காலவரிசை வரைபடத்தின் தொடக்கத்தில் பொய்யான ஒரு குவியல் தோன்றும். ஒருமை பன்மைச் சிக்கலும் இவ்வாறே. எக்ஸ்எம்எல் மரத்தை அகராதி வடிவாக்கும் தொகுதிகள் சில, ஒரு நூலுக்கு ஆசிரியர் இருவர் என்றால் பட்டியல் தரும். ஒருவரே என்றால் வெறும் பெயர் தரும். எப்போதும் பட்டியலே வரும் என்று நம்பிய நிரல், அந்த ஒற்றைப் பெயரின் எழுத்துகளை ஒவ்வோர் ஆசிரியராக எண்ணும். நல்லூழாக, இது சிரிப்பை வரவழைக்கும் அளவுக்கு வெளிப்படையான பிழை. அஞ்ச வேண்டியவை வெளிப்படாத பிழைகளே.

அத்தகைய ஒன்று நம் எழுத்திலேயே உள்ளது. ஒருங்குறியில் "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணால் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறியெண்களாலும் எழுதலாம். ஒருங்குறித் தரநிலை இரண்டையும் நிகரானவை என்றே கொள்கிறது. திரையிலும் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். எக்ஸ்எம்எல் பகுப்பான் அவற்றை ஒருமைப்படுத்துவதில்லை, வந்தபடியே தந்துவிடுகிறது. இருவேறு தட்டச்சுக் கருவிகளில் உள்ளிட்ட கோப்புகளை ஒரே அகராதியில் சேர்த்தால், "கொடை" என்ற ஒரே சொல் இரண்டு பதிவுகளாக நிற்கும். இரண்டின் எண்ணிக்கையும் குறைந்து காட்டும். ஒருங்குறியின் இயல்பாக்க முறைகளில் ஒன்றைப் பயன்படுத்த ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரி இருக்கிறதா என்பதை ஆய்வேட்டிலிருந்து அறிய வழியில்லை.

பெரிய தரவுகளுக்கும் இது பொருந்தும். இந்திய மொழிகளின் கணினி ஆய்வில் பலரும் விக்கிப்பீடியாவின் தரவுத்தொகுப்பை நாடுகின்றனர். அது எக்ஸ்எம்எல் வடிவிலேயே வெளியிடப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அது எந்தப் பெயர்வெளியைச் சேர்ந்தது என்ற எண் அதில் உண்டு. கட்டுரைகளுக்கு அது சுழியம். வழிமாற்றுப் பக்கம் என்றால் அதற்கும் தனிக் குறி உண்டு. இவ்விரண்டையும் பாராமல் பக்கங்களின் உரையை மட்டும் எடுத்தால், எல்லாப் பக்கங்களும் அடங்கிய தொகுப்பில் உரையாடல் பக்கங்களும் வார்ப்புருக்களும் கட்டுரைகளோடு கலந்துவிடும். "தமிழ் உரைநடையின் சொல்வளம்" என்ற தலைப்பில் வார்ப்புருக்களின் கட்டளைச் சொற்களும் எண்ணப்படும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாக் கட்டமைப்பும் தேர்வுதான். கோப்பில் உள்ள அனைத்தையும் வைத்துக்கொள்வதானால் நிரல் எதற்கு, கோப்பே போதுமே என்று கேட்கலாம். சொல் எண்ணுபவருக்கு வரிமுறிவு வேண்டாம். இடப்பெயர் தேடுபவருக்கு யாப்பு வேண்டாம். உண்மைதான். உள் கட்டமைப்பின் பயனே அது ஒரு கேள்விக்காக வடிவமைக்கப்படுவதில் இருக்கிறது. ஆனால் வேண்டாததைத் தள்ளுவது வேறு, இருப்பதையே அறியாமல் இழப்பது வேறு. முன்னது பதிப்பு நெறி. ஒரு பத்தியில் எழுதிவைக்கலாம், பிறர் அதை மறுக்கலாம். பின்னதை எழுதிவைக்க முடியாது. நிகழ்ந்ததே தெரியாத ஒன்றைப் பற்றி யாரும் எழுத முடியாது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. இலக்கிய மாணவரிடம் நிரலையும் கேட்பது பெருஞ்சுமை என்கிறார்கள். இன்று அந்தச் சுமை எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கணினி தெரிந்த நண்பரிடமோ, கட்டணம் பெறும் கடையிலோ, கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமோ அது இறங்குகிறது. அந்த நண்பருக்குப் பாடபேதம் என்றால் என்னவென்று தெரியாது. அந்தக் கருவிக்கு, குறிப்பிட்ட இந்தக் கோப்பில் வெறுமையான ஆண்டுக்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லவில்லை. அதை அறிந்த ஒரே ஒருவர் ஆய்வு மாணவர். முடிவெடுக்கத் தகுதியுள்ளவர் முடிவெடுக்கும் அறைக்கு வெளியே நிற்பதுதான் இன்றைய ஏற்பாடு. அவர் ஒவ்வொரு வரியையும் தாமே எழுத வேண்டும் என்பதில்லை. எந்த உறுப்பு எங்கே போகிறது என்பதை அவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குத் துறைகள் கேட்க வேண்டியவை நான்கே. முதலாவது, கோப்புகளில் வரும் உறுப்புகள், பண்புகள் அனைத்தின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது கட்டமைப்பில் எங்கே செல்கிறது அல்லது ஏன் விடப்படுகிறது என்ற ஒரு வரி. இரண்டாவது, பட்டியலில் இல்லாத உறுப்பு வந்தால் நிரல் தாண்டிச் செல்லாமல் நின்றுவிட வேண்டும். பகுப்பானிடம் உள்ள கண்டிப்பு ஆய்வாளரின் நிரலுக்கும் வர வேண்டும். மூன்றாவது, கணக்குச் சரிபார்ப்பு: கோப்பில் இருந்த எழுத்துகளின் எண்ணிக்கை, கட்டமைப்பில் சேர்ந்தவையும் அறிந்து தள்ளியவையும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வேண்டும். நான்காவது, இயன்ற இடங்களில் திரும்பும் சோதனை: கட்டமைப்பிலிருந்து மீண்டும் எக்ஸ்எம்எல் கோப்பை உருவாக்கி மூலத்தோடு ஒப்பிடுதல். பண்புகளின் வரிசை போன்ற பொருளற்ற வேறுபாடுகள் குறுக்கிடாதபடி இரண்டையும் ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையும் தரநிலையாகவே உள்ளது. மூன்றாவது சோதனை ஒன்றே "க்குச் செல்லவில்லை" காணாமற்போனதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சில பக்கங்கள் போதும். வினாநிரலைப் பின்னிணைப்பில் சேர்க்காத களஆய்வை எந்தத் துறையும் ஏற்பதில்லை. எந்தச் சுவடிகளை ஒப்புநோக்கினார் என்று சொல்லாத பதிப்பாசிரியரை எவரும் மதிப்பதில்லை. கோப்பை வாசித்த நிரலுக்கு மட்டும் அந்த விலக்கு ஏன் என்பதற்கு, அது கணினி வேலை என்ற பழைய எண்ணத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் கேட்கத் தொடங்க வேண்டிய கேள்வி எளியது: "இந்தக் கோப்புகளில் இருந்தவற்றுள் உங்கள் அட்டவணைக்கு வராதவை எவை?" விடை தெரிந்த மாணவர் இரண்டு நிமிடங்களில் சொல்லிவிடுவார். தெரியாதவர் அதற்குப் பிறகு காட்டும் ஒவ்வொரு வரைபடத்தையும் அவையோர் சற்று நிதானித்தே நோக்க வேண்டியிருக்கும்.