வெளிமுகமை என்னும் போர்வை

எண்ணூரைக் கடந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் தொடர்வண்டியில் இருப்போர்க்கு அத்திப்பட்டைக் காட்டப் பெயர்ப்பலகை வேண்டியதில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளே போதும். 1994-இல் அங்கு மின்னாக்கம் தொடங்கியது. 2001 முதல் அருகிலேயே துறைமுகமும் இயங்குகின்றது. நிலக்கரி வந்திறங்குகின்றது, மின்னாற்றல் வெளியே போகின்றது, சாம்பல் மட்டும் அவ்வட்டாரத்திலேயே தங்கிவிடுகின்றது. அச்சாம்பல் படிந்த தெருவைக் கூட்டும் கைக்குக் கிடைப்பதென்ன?

தமிழக ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்க்கு மாதம் 3,600 உருபா தந்தனர். பின்னர் அதனை 5,000 ஆக்கினர். அதற்கு 'மதிப்பூதியம்' என்று பெயர். மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. பெயரில் மட்டும் இரண்டும் உள்ளன!

ஊராட்சியிடம் பணமில்லை என்பர். ஏன் இல்லை? 2016-இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், ஊரகப் பகுதிகளில் 2019 திசம்பரில்தான் நடந்தது. இடைக்காலத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லையெனக் காட்டி நடுவணரசு நல்கையை நிறுத்தி வைத்தது. தேர்தலை நடத்தாதவர் கோட்டையில் இருந்தனர். பணத்தை நிறுத்தியவர் தில்லியில் இருந்தனர். தண்டம் கட்டியவர்கள் ஊர்மக்கள். 2025 சனவரி 5-ஆம் நாளோடு திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்களுக்குக் காலம் முடிந்தது. அப்பொழுதும் தேர்தல் வரவில்லை. தனி அலுவலரே வந்தனர்.

பெட்டி வெறுமையானால் கத்தி எங்கே விழும்? உயர் அலுவலர் ஊர்தியின்மேல் விழாது. 2022 அக்தோபரில் வெளிவந்த 152-ஆம் எண் அரசாணை, சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் நிலைத்த பணியிடங்களைச் சுருக்கித் துப்புரவு போன்ற கடைநிலைப் பணிகளை 'வெளிமுகமை'க்குத் தள்ளியது. நல்ல தமிழ்ச்சொல்தான்! 2020-இல் 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றியபோதும் நம்மவருட் பலர் மகிழ்ந்தோம். சொல் தூயதாயிற்று, செயல்?

அத்திப்பட்டுக்குத் தெற்கே, சென்னை மாநகராட்சியில் அதற்கு விடை கிடைத்தது. 2025-இல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப்பணியைத் தனியார்க்கு ஒப்படைத்தபோது, ஏறத்தாழ 2,000 உழைப்பாளர் நிலை தடுமாறிற்று. ஏறத்தாழ 23,000 உருபா பெற்ற தாங்கள் இனி 16,000 அளவே பெறுவோம் என்று அவர்கள் முறையிட்டனர். ஆகத்து முதல்நாள் தொடங்கிப் பதின்மூன்று நாள் மாநகராட்சி மாளிகையின் முன் அமர்ந்திருந்தனர், பெரும்பாலோர் பெண்கள். ஆகத்து 13-ஆம் நாள் நள்ளிரவில், உயர்நீதிமன்ற ஆணையைக் காட்டிக் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

தனியாரிடம் விட்டால் செலவு குறையும் என்பார்க்கு ஒன்று கேட்போம். ஒப்பந்தத்தால் தெருவின் நீளம் குறையுமா? குப்பையின் எடை குறையுமா? இரண்டும் குறையாதபோது மிச்சம் எங்கிருந்து வரும்? கூட்டுபவளின் கூலியிலிருந்தே வரும். ஒப்பந்தக்காரனின் ஊதியமும் அதிலிருந்தே எடுக்கப்படும். பொறிகள் வந்து வேலையை எளிதாக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. பொறியை மாநகராட்சியே வாங்கலாமே!

ஊராட்சிகளுக்கும் நாளை இதே அரசாணை வராதென்பதற்கு உறுதியில்லை. எனவே அத்திப்பட்டுத் தோழர்கள் இன்றே ஒன்று செய்க. அடுத்த ஊரவையில் எழுந்து, ஊர் எல்லையிலுள்ள ஒவ்வோர் ஆலையும் கட்டிய வீட்டுவரி எவ்வளவு, தொழில்வரி எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். அக்கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதச் செய்யுங்கள். அதன்கீழேயே தூய்மைக் காவலரின் மாதக் கூலியையும் எழுதச் சொல்லுங்கள்.