அடி வாங்கியவரைக் கேளுங்கள்!



உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை வரலாற்றிலேயே ரொம்பப் பலமாகக் குத்தியவர் யார்? இந்த ஒரு கேள்விக்கு நம்ம வகுப்பில் மூணு கட்சி இருக்கிறது. டைசன் கட்சி, ஃபோர்மேன் கட்சி, வைல்டர் கட்சி. மூணு கட்சியும் சத்தமாகப் பேசுகிறதே தவிர, எதை வைத்து அளக்கிறோம் என்று ஒருவரும் சொல்வதில்லை. அளவுகோல் இல்லாமல் அளந்தால் அது அளவு இல்லை, வெறும் அளப்பு!

என்னிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் இந்த மூணு பேரில் ஒருவருக்கும் முதல் இடம் இல்லை. கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள். அப்புறம் சண்டைக்கு வாங்க, வாய்ச் சண்டைக்கு மட்டும்!

மூன்று கட்சிகளும் சொல்வது என்ன?

முதலில் அவர்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மைக் டைசன்: 1986 நவம்பரில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து, 20 வயதிலேயே உலகச் சாம்பியன் ஆனவர். அவருடைய முதல் 19 சண்டைகளும் நாக்அவுட். 1988-ல் அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்தார். நாம் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் உலகச் சாம்பியன் போட்டி முடிந்துவிட்டது.

ஜார்ஜ் ஃபோர்மேன்: 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே விழ வைத்தவர். அதுவரை ஃப்ரேசியரும் தோல்வி காணாதவர். அதைவிடப் பெரிய விஷயம், 1994-ல் 45 வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் நாக்அவுட் செய்து மறுபடியும் சாம்பியன் ஆனார். வேகம் போனாலும் குத்தின் பலம் போகாது என்பதற்கு அவரே உதாரணம். அவர் 2025 மார்ச்சில் காலமானார்.

டியோன்டே வைல்டர்: 2020 பிப்ரவரியில் டைசன் ஃபியூரியோடு இரண்டாவது முறை மோதப் போகும் வரை 42 வெற்றி, அதில் 41 நாக்அவுட். 2019-ல் லூயிஸ் ஓர்டிஸுடன் ஆறு ரவுண்டு வரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். ஏழாவது ரவுண்டில் வலது கையால் ஒரே ஒரு குத்து. கணக்குப் புத்தகத்தையே மூடிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மூணு பேரும் மூணு மலை. ஆனால் மலைகளில் எது உயரம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

நாக்அவுட் கணக்கு போதாதா?

போதாது. ஏனென்றால் யாரை விழ வைத்தார் என்பதைச் சதவீதம் சொல்லாது. எளிய வினாத்தாளில் 98 வாங்கியவரும், கடினமான வினாத்தாளில் 85 வாங்கியவரும் இருந்தால் யார் கெட்டிக்காரர்? மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். இன்னொன்று, நாக்அவுட் ஆவது பலத்தால் மட்டும் இல்லை. குத்து எங்கே விழுந்தது, அது வருவதை எதிராளி பார்த்தாரா, அவர் எத்தனை களைத்திருந்தார், எல்லாமே சேரும். பார்க்காத குத்துதான் ஆளைச் சாய்க்கும் என்பார்கள். கழுத்துத் தசை தயாராக இல்லாதபோது தலை சட்டென்று திரும்பிவிடும்.

சரி, கருவி வைத்து அளக்கலாமே என்று அறிவியல் சார் கேட்கலாம். அளந்திருக்கிறார்கள் சார். இங்கிலாந்தின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவைக் கருவி பொருத்திய ஒரு ஊசலைக் குத்தச் சொல்லி அளந்த ஆய்வு, 1985-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. கையின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை 4096 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட 400 கிலோ எடைக்குச் சமமான விசை, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில்! ஆனால் ஜோ லூயிஸையும் ராக்கி மார்சியானோவையும் அதே ஊசலைக் குத்தச் சொல்லி யாரும் அளக்கவில்லை. ஒரே தராசில் எல்லாரையும் நிறுத்தவில்லை என்றால் கருவியும் நமக்கு உதவாது.

(பெட்டிச் செய்தி: 2003-ல் அமெரிக்காவின் 'தி ரிங்' பத்திரிகை, எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்து, பலமாகக் குத்திய 100 பேரை வரிசைப்படுத்தியது. முதலிடம் ஜோ லூயிஸ். மூன்றாமிடம் ஜிம்மி வைல்ட், இவர் 50 கிலோகூட இல்லாத ஃபிளைவெயிட்! ஃபோர்மேன் 9, எர்னி ஷேவர்ஸ் 10, டைசன் 16.)

என் அளவுகோல்: பொதுச் சாட்சி

அப்படியானால் தராசு எது? மனிதத் தாடைதான் தராசு! இரண்டு பெரிய குத்து வீரர்களிடமும் அடி வாங்கிய ஒரே ஆளைக் கேட்க வேண்டும். 'இரண்டு பேரில் யார் குத்து பலம்?' என்று. பார்த்தவன் சொல்வது செய்தி, வாங்கியவன் சொல்வது சாட்சி.

இப்படிச் சாட்சிகளைக் கூப்பிட்டால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: எர்னி ஷேவர்ஸ். அமெரிக்கர். உயரம் சுமார் ஆறடி, எடை சுமார் 95 கிலோ. ஹெவிவெயிட்டில் இது பெரிய உடம்பே இல்லை. உலகச் சாம்பியன் பட்டம் ஒரு நாளும் வாங்காதவர். அதனால்தான் நம்ம வகுப்பில் அவருக்கு ஒரு கட்சிகூட இல்லை.

முதல் சாட்சி முகமது அலி. சோனி லிஸ்டன், ஜோ ஃப்ரேசியர், ஜார்ஜ் ஃபோர்மேன், கென் நார்டன் என்று அத்தனை பேரிடமும் வாங்கிய தாடை அது. 1977 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஷேவர்ஸுடன் 15 ரவுண்டு ஆடினார். இரண்டாவது ரவுண்டிலேயே ஷேவர்ஸின் வலது கை அலியைக் கலக்கிவிட்டது. அலி உடனே வேண்டுமென்றே தள்ளாடுவதுபோல நடித்துக் காட்டினார். உண்மையிலேயே தள்ளாடியவர், தள்ளாடுவதாக நடித்தார்! ஷேவர்ஸ் நம்பிவிட்டார், நெருங்கி முடிக்கவில்லை. பிற்பாடு அலி, அந்தக் குத்து ஆப்பிரிக்காவில் இருக்கிற தன் சொந்தக்காரர்களையே உலுக்கிவிட்டது என்று வேடிக்கையாகச் சொன்னார். ஃபோர்மேனிடம் வாங்கியவர் சொல்லும் வார்த்தை இது.

இரண்டாவது சாட்சி ரான் லைல். 1975-ல் ஷேவர்ஸுடனும், 1976 ஜனவரியில் ஃபோர்மேனுடனும் மோதியவர். இடையில் நாலு மாதம்தான். ஃபோர்மேனைவிட ஷேவர்ஸின் குத்துதான் பலம் என்றார்.

மூன்றாவது சாட்சி லாரி ஹோம்ஸ். 1979-ல் ஷேவர்ஸ் அவரை ஏழாவது ரவுண்டில் ஒரே குத்தில் மல்லாக்க விழ வைத்தார். 1988-ல் டைசன் அவரை நாலாவது ரவுண்டில் நாக்அவுட் செய்தார். டைசன் உட்பட யாரும் ஷேவர்ஸ் அளவுக்குத் தன்னைக் குத்தியதில்லை என்றார் ஹோம்ஸ்.

நான்காவது சாட்சி ஜேம்ஸ் டில்லிஸ். 1982-ல் ஷேவர்ஸோடும் 1986-ல் டைசனோடும் முழுசாகப் பத்து ரவுண்டு நின்றவர். டைசனோடு கடைசி மணி வரை நின்ற முதல் ஆள் அவர்தான். ஷேவர்ஸின் குத்து விழுந்ததும் வாத்திய இசை கேட்டது, எலிகள் சுருட்டுப் பிடிப்பது தெரிந்தது என்று அவர் சொன்ன கதை ரொம்பப் பிரபலம்.

நாலு பேர், இரண்டு தலைமுறை, ஒரே பதில். ஆகவே என் தீர்ப்பு: ஒற்றைக் குத்தின் பலத்தில் எர்னி ஷேவர்ஸ்.

எதிர்க்கேள்வி வரட்டும்!

'சாட்சி பொய் சொல்லலாமே? தன்னை நாக்அவுட் செய்த டைசனைக் குறைத்துச் சொல்வதில் ஹோம்ஸுக்கு ஒரு ஆறுதல் இருக்குமே?' நியாயமான கேள்வி. ஆனால் நாலு பேரின் நிலையும் வேறு வேறு. அலி, ஃபோர்மேன் ஷேவர்ஸ் இருவரையுமே ஜெயித்தவர். லைல், ஃபோர்மேனிடம் தோற்றவர். டில்லிஸ், டைசனிடம் புள்ளிக் கணக்கில் தோற்றவர். ஆளுக்கு ஒரு காரணம் இருந்தும் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது.

'ஷேவர்ஸ் விழ வைத்தவர்களில் பாதிப் பேர் பெயர்கூடத் தெரியாதவர்கள்.' உண்மைதான். அலியோடு மோதப் போகும்போது அவருக்கு 54 வெற்றி, 52 நாக்அவுட். அதில் சாதாரண ஆட்கள் நிறைய. அதனால்தான் அந்த 52-ஐ நான் ஆதாரமாகவே எடுக்கவில்லை.

'வைல்டரை ஏன் விட்டாய்?' ஷேவர்ஸிடமும் வைல்டரிடமும் அடி வாங்கிய ஒருவர் உலகத்தில் இல்லை. ஜோ லூயிஸ், மார்சியானோவுக்கும் இதே கதைதான். என் தராசில் ஏறாதவர்களைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வைல்டர் கட்சிக்காரர்கள் வேறு தராசு கொண்டு வரட்டும், வரவேற்கிறேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்

என் நாலு சாட்சிகளின் பெயரையும் மறுபடி பாருங்கள். அலி, லைல், ஹோம்ஸ், டில்லிஸ். இந்த நாலு பேருமே ஷேவர்ஸை ஜெயித்தவர்கள்! அலி 15 ரவுண்டு ஆடிப் புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். லைல் இரண்டாவது ரவுண்டில் விழுந்து, எழுந்து, ஆறாவதில் ஷேவர்ஸைச் சாய்த்தார். ஹோம்ஸ் ஏழாவதில் விழுந்து, எழுந்து, பதினோராவதில் முடித்தார். உலகத்திலேயே பலமான குத்தை வைத்திருந்தவர் சாம்பியன் ஆகவில்லை. அதை வாங்கிக்கொண்டு எழுந்தவர்கள் ஜெயித்தார்கள். வைல்டர் கதையும் இதுதான். 2018-ல் பன்னிரண்டாவது ரவுண்டில் அவர் விழ வைத்த ஃபியூரி, நடுவர் ஒன்பது எண்ணும்போது எழுந்துவிட்டார். 2020-லும் 2021-லும் ஜெயித்தது ஃபியூரிதான்.

அப்படியானால் எழுந்தவர்கள்தான் ஹீரோ என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாமா? அதுவும் முடியாது நண்பர்களே. எழுந்ததற்கும் ஒரு விலை இருக்கிறது.

ஷேவர்ஸ் சண்டைக்குப் பிறகு, இனி ஆடாதீர்கள் என்று அலியிடம் சொன்னார் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ. அலி கேட்கவில்லை, மருத்துவர் விலகிவிட்டார். 1980-ல் அலி நம்ம சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அதே வருஷம் அக்டோபரில் ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். 1981-ல் கடைசிச் சண்டை. 1984-ல் பார்கின்சன் நோய் என்று தெரிந்தது, அப்போது வயது 42. அடிகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றிய அந்த நடுங்கும் கையைப் பார்த்தவர்களுக்கு மனசு கனக்கும். 2016-ல் காலமானார்.

ஜெர்ரி குவாரி தெரியுமா? 1973-ல் ஷேவர்ஸையே முதல் ரவுண்டில் சாய்த்தவர். தலையில் வாங்கிய அடிகளால் மூளை பாதித்து, தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியாத நிலைக்கு வந்து, 1999-ல் 53 வயதில் இறந்தார். 1930-ல் மாக்ஸ் பேர் குத்தியதில் ஃபிராங்கி கேம்ப்பெல் உயிரே போனது. ஷேவர்ஸும் தப்பவில்லை, விழித்திரைக் கோளாறால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2022-ல் காலமானார்.

அதற்காக இந்த விவாதமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குத்துச்சண்டை எனக்குப் பிடிக்கும், இனியும் பிடிக்கும். ஆனால் குத்தியவர் பெயரைச் சொல்லும்போது வாங்கியவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். யூடியூபில் பத்து நொடி நாக்அவுட் காட்சியைப் பார்க்கிறோம். அது முடிந்த பிறகு அந்த மனிதர் வீட்டுக்குப் போனாரா, ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று ஒரு தடவையாவது கேட்போம்.

அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு இடைவேளையில் பின்னாலிருந்து நண்பன் பிடரியில் 'சும்மா' தட்டுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ரிங்கில் நடுவர் உண்டு, கையுறை உண்டு, மருத்துவர் உண்டு, எதிராளிக்கு அடி வரும் என்று தெரியும். நம்ம வராந்தாவில் இது எதுவும் இல்லை. பார்க்காத குத்துதான் ஆபத்து என்று மேலே எழுதியிருக்கிறேன், மறுபடி ஒரு தடவை படியுங்கள்.

ஷேவர்ஸ் இல்லை, வேறு ஒருவர்தான் என்று நினைப்பவர்கள் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள். ஒரே நிபந்தனை: சத்தம் வேண்டாம், சாட்சியோடு வாருங்கள்!



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்