ஹளேபீட்டில் அரை மணி நேரம்

விடுமுறை வந்தால் பெங்களூரிலிருந்து பேலூர், ஹளேபீடு என்று பஸ் ஏறும் நம்மவர்கள் அநேகர். கோயிலைச் சுற்றிப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். அடுத்தே உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்தைப் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. இது வருந்தத்தக்கது.

சிங்கத்தோடு பொருதும் சளன் ஹொய்சளரின் சின்னம். (புலி என்போரும் உண்டு, சிற்பத்தில் இருப்பது சிங்கம்தான்.) முனிவர் 'ஹொய் சளா', அதாவது 'அடி சளா' என்று கூவியதாகக் கதை. கதை மட்டும் போதாது. துவாரசமுத்திரம் என்னும் தலைநகராய் விளங்கிய இவ்வூரை 1311-ல் மாலிக் கபூரின் படை தாக்கியது. சிதைந்த கோயில்களின் சிற்பங்களே அருங்காட்சியகத்தில் உள்ளன. 13-ஆம் நூற்றாண்டில் இதே வம்சத்துச் சோமேசுவரன் ஸ்ரீரங்கத்துக்கு அருகே கண்ணனூரிலிருந்து ஆண்டான். ஆகவே இது நம் சரித்திரமும் ஆகும். சுற்றுலா பஸ் நடத்துவோர் அங்கே அரை மணி நேரம் கூடுதலாக நிறுத்த வேண்டும்.