நாலந்தாவில் இறங்கிய ஒரு நாள்

ஏ-9 வீதி என்றதும் நம்மவர் நினைவில் எழுவன ஓமந்தையும் ஆனையிறவும் முகமாலையும்தான். பத்திரிகைக்காரனான எனக்கும் அவ்வாறே. செய்தி வடக்கே இருந்தது. மாத்தளை மாவட்டமோ, பேருந்தில் கண்ணயர்ந்து கடக்கும் தூரமாகவே பல ஆண்டுகள் இருந்துவிட்டது.

கடந்த ஆகஸ்டில், அவசரம் ஏதுமற்ற ஒரு நாளில், மாத்தளைக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், நாலந்தாவில் இறங்கினேன். பிரதான வீதியிலிருந்து கிழக்கே பிரியும் சிறு பாதையில் கால்மணி நேர நடை. நல்ல வெய்யில், ஆயினும் இருமருங்கும் மர நிழல். தேநீர்க் கடைப் பெரியவர் பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் தந்து, "மஹத்தயா, தம்புள்ளைக்குப் போகவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார். இங்கு இறங்குவோர் அத்துணைக் குறைவு.

பாதையின் முடிவில், நீர்த்தேக்கத்தின் அருகே நிற்கிறது நாலந்தா கெடிகே. முழுவதும் கருங்கல். மண்டபமும் கருவறையுமாக, பல்லவர் காலத்துக் கோயிலொன்றைக் கண்முன் நிறுத்தும் அமைப்பு. ஆனால் அது பௌத்த வழிபாட்டிடம். மேலே குபேரன் வீற்றிருக்கிறான். கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் கணிப்பர். இது தமிழருடையதா, சிங்களவருடையதா என்று வழக்காடுவோர் இருபுறமும் உண்டு. இரு மரபுகளும் ஒரே கல்லில் இசைந்திருப்பதை ஒரு பகல் முழுதும் பார்த்திருந்த எனக்கு, அந்தக் கேள்வியே பொருளற்றதாகத் தோன்றியது.

இக்கட்டடம் முன்பு தாழ்வான வயல்வெளியில் இருந்தது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்பதால், கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். அப்பணி 1980இல் நிறைவுற்றது. பாராட்டத்தக்க செயல்.

ஆனால் இன்னொரு வரலாறும் இவ்வழியே சென்றிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தமிழகத்து ஏழைகள், மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகவே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டோர் ஆயிரமாயிரம். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். அவர்களை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. நடந்தவர்கள் வீடு திரும்பினார்கள். நாலந்தாவில் அவர்களுடைய முன்னோரைச் சொல்லும் ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை.

கட்டடத்தின் கற்களை நீரிலிருந்து காத்த நாட்டுக்கு, இம்மனிதர்களுக்கென வீதியோரம் ஒரு கல் நடுவது பெரிய காரியமன்று. மும்மொழியிலும் இரண்டு வரிகள் போதும். அதைக் கேட்டுப் பெறவேண்டியது மலையகத்தாரின் பொறுப்பு மட்டுமன்று. அவர்களின் இடரை வெகுகாலம் அயலார் செய்தியாகவே வாசித்த வடக்கு, கிழக்குத் தமிழரின் கடனும் ஆகும். எழுதிய எனக்கும் அதில் பங்குண்டு.

ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருவோர், யாழ்ப்பாணம் போகும் வழியில் ஒரு நாளை நாலந்தாவுக்கு ஒதுக்குங்கள். மர நிழலில் இருங்கள், தேநீர் அருந்துங்கள். பின்னர் அந்த வீதியில் சிறிது தூரம் நடந்து பாருங்கள். வாகனத்தில் போகும்போது தெரியாத தூரம், நடக்கும்போது தெரியும்.