கவனத்தை எங்கே வைப்பது?

"ஃபோக்கஸ்! ஃபோக்கஸ்!" பள்ளியில் கைப்பந்து விளையாடியவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானதுதான். தமிழ்ப்பள்ளியில் "கவனமா இரு" என்றார்கள். இடைநிலைப்பள்ளியில் "ஃபோக்கஸ்" என்றார்கள். எதன்மீது கவனம் வைப்பது என்று இரண்டு மொழியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மலாக்கா, ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். செம்பனை வேலை முடிந்து அண்ணன்மார்கள் மாலையில் வலை கட்டுவார்கள். பந்து பொறுக்கும் சாக்கில் நாங்களும் திடலுக்குள் நுழைந்துவிடுவோம். அப்படிப் பழகித்தான் படிவம் நான்கில் பள்ளிக் குழுவில் இடம் கிடைத்தது. ஒரு போட்டியில் நான் சர்வீஸ் போட வந்தபோது, "கையை நீட்டு, மணிக்கட்டை மடக்கு, முட்டியைக் கவனி" என்று வெளியிலிருந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தனையையும் நினைத்துக்கொண்டே அடித்தேன். பந்து வலையில் விழுந்தது. அடுத்த முறையும் அப்படியே. "கவனமில்லாத பிள்ளை" என்ற பெயர் வந்தது. அடுத்த ஆட்டத்தின் பட்டியலில் என் பெயர் இல்லை.

உண்மையில் அன்று எனக்குக் கவனம் குறையவில்லை. அது என் கையிலேயே சிக்கிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியல் படித்தபோதுதான் இது புரிந்தது.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் நைடெஃபர் 1976ஆம் ஆண்டில் கவனத்தை இரண்டு வகையில் பிரித்துக் காட்டினார். ஒன்று அகலம்: பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறோமா, ஒன்றை மட்டுமா? மற்றொன்று திசை: வெளியே பார்க்கிறோமா, நமக்குள்ளேயா? இரண்டையும் சேர்த்தால் நான்கு பாணிகள் கிடைக்கும். நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி எளிதாக வரும். ஆட்டத்துக்கோ நான்குமே தேவை.

காப்ரியேலே வுல்ஃபும் அவருடைய குழுவினரும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கைப்பந்து சர்வீஸையே எடுத்துக்கொண்டது. ஒரு சாராருக்கு உடல் அசைவைப் பற்றித் திருத்தம் சொன்னார்கள். மறு சாராருக்கு அந்த அசைவின் விளைவைப் பற்றிச் சொன்னார்கள். இரண்டாம் சாராரின் பந்துகளே குறியிடத்தில் கூடுதல் துல்லியமாக விழுந்தன. புதியவர்கள், அனுபவசாலிகள் இருவரிடமும் இதே முடிவுதான்.

இதைத் திடலில் எப்படிப் பயன்படுத்துவது? நடுவர் விசில் ஊதியதும் சர்வீஸ் போட 8 விநாடிகள் உண்டு. முதலில் எதிரணி முழுவதையும் பாருங்கள். எங்கே இடைவெளி இருக்கிறது? எந்த மூலைக்கு அடிப்பது என்று மனத்தில் முடிவு செய்யுங்கள். ஒரு முறை மூச்சை இழுத்து விடுங்கள். பிறகு கையை மறந்து, அந்த மூலையை மட்டும் நினைத்து அடியுங்கள். நான்கு பாணிகளும் அந்த 8 விநாடிக்குள் அடங்கிவிடும்.

சென்ற விடுமுறையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். திடலின் மறுமூலையில் ஒரு பழைய கோணிச் சாக்கை விரித்து, "சாக்கைப் பார்த்து அடி" என்றேன். எல்லாப் பந்தும் அதில் விழவில்லை. ஆனால், வலையிலேயே அடித்துக்கொண்டிருந்த ஒரு தங்கை வலையைத் தாண்டி அடிக்கத் தொடங்கினாள். அடிப்படை அசைவைப் பழகத்தான் வேண்டும். அதைத் திருத்தப் பயிற்சி நேரம் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் வேண்டாம்.

அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு உரியது. "கவனமில்லை" என்று ஒரு மாணவரைக் குழுவிலிருந்து ஒதுக்கும்போது, அந்தப் புள்ளிக்கான ஒரு வழியும் அவருக்கு அடைபடுகிறது.

எனவே ஆசிரியர்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை "ஃபோக்கஸ்" என்று குரல் கொடுக்கும்போது, எங்கே என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மாணவ நண்பர்களே, அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.