போணி ஆகாத ‘போனி’!

“ஒரு பொம்மைக் குதிரைக்கு 3,000 ரூபாயா?”னு வாயைப் பிளந்தவ, வாயை மூடுறதுக்குள்ள 500 ரூபாய் அட்வான்ஸும் வாங்கிட்டேன். அந்த ஐந்நூறை ரெண்டே நாள்ல கேன்டீன்லயும் ரீசார்ஜ்லயும் காலி பண்ணிட்டேன். ஒரே ஒரு சின்ன சிக்கல்... அந்தக் குதிரை என்னுது இல்ல!

கதை எங்க பாட்டி வீட்டுப் பரண்ல ஆரம்பிக்குது. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில எனக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங். மெக்கானிக்கல் மூணாவது வருஷம். அங்கே தண்ணித் தொட்டி செய்யறாங்க. அச்சுக்குள்ள பிளாஸ்டிக் பவுடரைக் கொட்டி, மூடி, அடுப்புக்குள்ள விட்டு ரெண்டு பக்கமும் சுத்தவிடுவாங்க. பவுடர் உருகி அச்சோட உள்சுவர் பூரா ஒட்டிக்கும். ஆறவெச்சுத் திறந்தா உள்ளே வெத்தா ஒரு தொட்டி! ரொட்டேஷனல் மோல்டிங். புக்ல நாலு மார்க் கேள்வி, நேர்ல பார்த்தா பரோட்டா மாஸ்டர் மாதிரி செம ஷோ.

ட்ரெய்னிங் ரிப்போர்ட்டுக்கு பழைய டிராஃப்டர் தேடி பரண்ல ஏறினேன். டிராஃப்டர் கிடைக்கல. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், மூணு பித்தளைச் சொம்பு, அதுக்கெல்லாம் பின்னாடி ஒரு குதிரை! உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெருசு. வெளுத்துப் போன ரோஸ் கலர். பெரிய கண்ணு. தொடையில ஒரு பூ. பிடரி முடி சிக்கு விழுந்து தேங்காய் நார் மாதிரி இருந்துச்சு. அமுக்கினா லேசா அமுங்குது. ‘அட, இதுவும் நம்ம தண்ணித் தொட்டியோட தங்கச்சிதான்!’னு மூளையில பல்பு எரிஞ்சுது. பவுடருக்குப் பதிலா பி.வி.சி. கூழ், அவ்ளோதான் வித்தியாசம்.

போட்டோ எடுத்து காலேஜ் குரூப்ல போட்டேன். பத்தாவது நிமிஷம் போன் வந்துச்சு. இ.சி.இ. ஃபைனல் இயர் அக்கா. “ஏய், அதை எதுவும் பண்ணிடாதே. அப்படியே வை. நான் வர்றேன்!” பாம்பைப் பார்த்தவங்க மாதிரி அப்படி ஒரு பதற்றம்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அக்கா ஒரு ‘மை லிட்டில் போனி’ கலெக்டர்! அவங்க அப்பா துபாய்ல இருந்து கொண்டு வந்தது, ஆன்லைன்ல பிடிச்சது, பிறந்தநாளுக்கு மிரட்டி வாங்கினதுன்னு 37 குதிரை வெச்சிருக்காங்க. ஹாஸ்டல்ல மூணு, மிச்சம் வீட்ல.

அக்கா கொடுத்த லெக்சரோட சுருக்கம் இதோ. ஹாஸ்ப்ரோ கம்பெனியில டிசைனரா இருந்த போனி ஜாக்கர்லிங்கிற அம்மாவோட ஐடியாவுல 1981-ல ‘மை ப்ரெட்டி போனி’னு ஒரு பெரிய குதிரை பொம்மை வந்துச்சு (போனி செஞ்சவங்க பேரும் போனி. இது கடி ஜோக் இல்ல, நிஜம்!). அடுத்து அதையே சின்னதாக்கி, கலர் கலரா விட்டதுதான் மை லிட்டில் போனி. முதல் செட்ல ஆறு குதிரை. இந்தப் பழைய ரகத்துக்கு கலெக்டர்கள் வெச்ச பேரு ‘ஜி-1’. நம்ம மொபைல் 4ஜி, 5ஜி மாதிரி குதிரைக்கும் ஜெனரேஷன் உண்டு. 2003-ல வந்தது ஜி-3. 2010-ல ‘ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்’ கார்ட்டூனோட வந்தது ஜி-4. அதைப் பார்த்துட்டு மீசை வெச்ச அண்ணன்களே ரசிகர் மன்றம் ஆரம்பிச்சாங்க. 2021-ல ஜி-5. அமெரிக்காவுல இருக்கிற தேசிய பொம்மை ஹால் ஆஃப் ஃபேம்ல 2024-ல இந்தக் குதிரைக்கு இடம் கொடுத்துட்டாங்க.

“சரிக்கா, பரண்ல கிடந்த இந்த நார் குதிரைக்கு ஏன் இவ்ளோ பில்டப்பு?”னு கேட்டேன். அக்கா குரலைத் தாழ்த்தி, “இது இந்தியாவுல செஞ்சதா இருக்கலாம்டீ”னாங்க.

இங்கேதான் நம்ம ஏரியா என்ட்ரி! கும்மிடிப்பூண்டி லோக்கல்ல தினமும் திருவொற்றியூரைத் தாண்டித்தானே சென்ட்ரல் போறோம்? அந்தத் திருவொற்றியூர்ல 1946-ல ஒரு ஷெட்டுல மாம்மன் மாப்பிள்ளைங்கிறவர் பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாங்க எம்.ஆர்.எஃப்! பலூன்ல இருந்து டயருக்குப் போன அந்தக் கம்பெனி, 1987-ல ஹாஸ்ப்ரோவோட கைகோத்து ‘ஃபன்ஸ்கூல்’ ஆரம்பிச்சுது. பலூன், டயர், 41 வருஷம் கழிச்சு மறுபடியும் பொம்மை! ஃபன்ஸ்கூல் இங்கே செஞ்ச ஜி.ஐ.ஜோ பொம்மைகளை வெளிநாட்டு கலெக்டர்கள் தேடித் தேடி வாங்கறாங்க. போனியும் இங்கே தயாராச்சு.

அதுல என்ன விசேஷம்னா, கிரீஸ், அர்ஜென்டினா, பிரேசில், இந்தியானு பல நாட்டுல இந்தக் குதிரையைச் செஞ்சாங்க. அச்சு ஒண்ணா இருந்தாலும் பிளாஸ்டிக், சாயம், முடி ஊருக்கு ஊர் மாறும். அதனால அமெரிக்காவுல ரோஸா இருக்கிற குதிரை இன்னொரு நாட்டுல வேற நிறத்துல வெளியே வரும். இந்த மாதிரி குதிரைகளுக்கு கலெக்டர்கள் பாஷையில ‘நிர்வாணா’னு பேரு. சிரிக்காதீங்க, மோட்சம்ங்கிற அர்த்தத்துலதான்! ஷிஃப்ட்ல நின்னு இதைச் செஞ்சவங்களுக்கு, முப்பது வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் பூதக்கண்ணாடி வெச்சு நம்ம சாயத்தை ஆராய்வார்னு தெரிஞ்சிருக்குமா? எனக்கு தண்ணித் தொட்டி மிஷின் பக்கத்துல வியர்வையோட நின்ன அண்ணன்கள்தான் ஞாபகம் வந்தாங்க.

ஒரிஜினலா, பர்மா பஜார் டூப்பானு குளம்புக்கு அடியில இருக்கிற எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லணுமாம். எங்க குதிரைக்கு எழுத்து தேஞ்சு போயிருந்துச்சு. இருந்தாலும் அக்கா ரிஸ்க் எடுத்து 3,000 சொன்னாங்க. நான் ‘டீல்’னு கைகுலுக்கிட்டேன்.

மறுநாள் ஆரம்பிச்சுது சரிவு. குதிரையை நேர்ல பார்த்த அக்கா, பிடரியைச் சீப்பால வாரிட்டு முகம் சுருங்கினாங்க. “ஒரு பக்கம் யாரோ முடி வெட்டியிருக்காங்கடீ. ஹேர்கட்! கலெக்டர்கள் லிஸ்ட்ல பெரிய குறை இது. 1,500 தர்றேன்.” நான் விடுவேனா? “நான் க்ளீன் பண்ணித் தர்றேன், அப்புறம் பாருங்க”னு சவால் விட்டேன்.

ராத்திரி பூரா சோப்புத் தண்ணியில ஊறப் போட்டேன். காலையில கழுத்து இடுக்கு வழியா உள்ளே போன தண்ணி, வால் ஓட்டை வழியா காபி கலர்ல வழியுது. வாலை உள்ளே பிடிச்சிருக்கிற இரும்பு வாஷர் துருப்பிடிச்சிருக்கு! சரி, தொடையில ஒரு மை கறை இருக்கே, அதையாவது எடுப்போம்னு நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல நனைச்சு ஒரே இழு. கறை அப்படியே இருந்துச்சு. பக்கத்துல இருந்த பூவுல பாதி பஞ்சோட வந்துடுச்சு! மெக்கானிக்கல் படிக்கிறவளுக்கு அசிட்டோன் பெயின்ட்டைக் கரைக்கும்னு தெரியாதானு கேட்காதீங்க. அந்த நிமிஷம் தெரியல.

அக்கா பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசல. கடைசியா, “இப்போ 300கூட பெறாதுடீ”னாங்க.

அப்போதான் எனக்கே உறைச்சுது. விலை பேசினேன், கழுவினேன், கெடுத்தேன். குதிரைக்குச் சொந்தக்காரங்களை ஒரு வார்த்தை கேட்கல. அது எங்க சித்தியோடது. 1991 தீபாவளி போனஸ்ல தாத்தா பாரிமுனையில வாங்கிட்டு வந்தது. சித்திக்கு அப்போ எட்டு வயசு.

ஞாயித்துக்கிழமை குதிரையைத் துண்டுல சுத்திக்கிட்டு கிளம்பினேன். கும்மிடிப்பூண்டியில இருந்து சென்ட்ரல், அங்கே மாறி திருவள்ளூர். சித்தி தேரடி பக்கம் தையல் கடை வெச்சிருக்காங்க. ட்ரெயின் மாறுற மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பழைய புக்கு, பழைய பொருள் எல்லாத்துக்கும் பேர் போன மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சு போன இடம் அது. நான் வந்த விஷயத்துக்கு அந்த இடம் ஒண்ணும் நல்ல சகுனமா தெரியல!

சித்தி குதிரையைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திட்டாங்க. அழிஞ்ச பூவை விரலால தடவினாங்க. நான் மென்னு முழுங்கி எல்லாத்தையும் சொன்னேன். கடைசியில, கொஞ்சம் எரிச்சலா, “ஏற்கெனவே யாரோ முடியை வெட்டி விலையைக் குறைச்சிருந்தாங்க சித்தி”னும் சேர்த்துக்கிட்டேன்.

“நான்தான்டீ வெட்டினேன்”னாங்க சித்தி. “எனக்கு டைபாய்டு வந்துச்சு. முடி கொத்துக் கொத்தா கொட்டுதுன்னு உங்க பாட்டி ஒட்ட வெட்டிவிட்டாங்க. ஸ்கூல்ல ஒருத்தியும் பக்கத்துல உட்காரல. அன்னிக்கு ராத்திரி இதுக்கும் வெட்டினேன். ஒரு பக்கம் வெட்டும்போதே பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்.”

நான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். 3,000-ல இருந்து 1,500 ஆன இடம் அது. சித்திக்கு அந்தக் குதிரையில ஞாபகம் இருக்கிற இடமும் அதுவேதான்.

“வித்துருந்தாகூட பரவால்லடீ. கேட்டிருக்கலாம்ல?” அவ்ளோதான் சொன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அக்காவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, “அட்வான்ஸை மாசம் நூறா தந்துடறேன்”னேன். அக்கா சிரிச்சாங்க. “லூசு, அந்தக் கதையை முதல்லயே சொல்லியிருந்தா நானே விலை கேட்டிருக்க மாட்டேன். என்கிட்ட இருக்கிற 37-ல 36 விலைக்கு. முதல் குதிரை மட்டும் கிடையாது. தம்பி அதோட வால்ல மத்தாப்பு வெச்சுட்டான், பாதி உருகிடுச்சு. ஒருத்தனும் சல்லிக்காசு தர மாட்டான். நானும் யாருக்கும் தர மாட்டேன்!”

மாடு, குதிரைனு இல்லாம மண் குதிரைக்கே இந்த நியாயம் நம்ம ஊர்ல உண்டு. ஐயனார் கோயில்ல புதுசா குதிரை எடுத்து வைக்கும்போது, காது உடைஞ்ச பழைய குதிரையைத் தூக்கி எறிய மாட்டாங்க. அதுவும் அங்கேயே வெயில்லயும் மழையிலயும் நிக்கும். ‘மின்ட் கண்டிஷன்’லாம் ஐயனார் கேட்கறதில்ல.

அடுத்த வாரம் க்ளைமாக்ஸ். அக்காவைக் கூட்டிக்கிட்டு திருவள்ளூர் போனேன். சித்தி அக்காவோட புதுக் குதிரையை வாங்கி, பிடரியைப் பிரிச்சுப் பார்த்து, “இது மிஷின் தையல். வரிசை வரிசையா ஓட்டியிருக்கான். வால் மட்டும் மொத்தமா கட்டி உள்ளே இழுத்திருக்கான்”னு ரெண்டே நிமிஷத்துல டெக்னாலஜியைப் புட்டுப் புட்டு வெச்சாங்க. அக்கா அசந்துட்டாங்க. உருகின வாலுள்ள முதல் குதிரையை மெதுவா பையில இருந்து எடுத்தாங்க.

சித்தி பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்ல நைலான் சவுரி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கறுப்புதான் கிடைச்சுது. உருகின வாலை வெட்டி எடுத்து, சவுரியைக் கத்தையா கட்டி, நூல் போட்டு ஓட்டை வழியா இழுத்து முடிச்சுப் போட்டாங்க. ஊதா குதிரைக்கு கன்னங்கறேல்னு நம்ம ஊர் ஜடை! அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னாங்க: “நிர்வாணா... திருவள்ளூர் வெரைட்டி!”

<b>பரண் ஏறப் போறீங்களா? படிச்சுட்டு ஏறுங்க!</b>

* ஊறப் போடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணி, லேசான சோப்பு, ஈரத்துணி போதும். கழுத்து இடுக்கிலயும் வால் ஓட்டையிலயும் தண்ணி போகக் கூடாது. உள்ளே இரும்பு இருந்தா துருதான்.

* நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீங்க (அனுபவம் பேசுது!).

* முடியை நுனியில இருந்து மேல் நோக்கி சிக்கு எடுங்க. கொஞ்சம் கண்டிஷனர் போட்டா வழிக்கு வரும்.

* ஜன்னல் ஓரம் அலங்காரமா வைக்காதீங்க. வெயில் பட்டா நிறம் வெளுக்கும்.

* பழைய பி.வி.சி. நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். மென்மைக்காகச் சேர்த்த பொருள் வெளியே கசியறதுதான் காரணம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம வைங்க. வாயில வைக்கிற குழந்தைங்க கையில கொடுக்காதீங்க.

* புதுசு வாங்கறவங்க பட்ஜெட் பார்த்துக்கோங்க. இறக்குமதி பொம்மைக்கு சுங்க வரி 2020-ல 20 சதவிகிதத்துல இருந்து 60 ஆச்சு, 2023-ல 70. கடையில வாங்கினா ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கானு பாருங்க. 2021 ஜனவரியில இருந்து அது கட்டாயம்.

* எல்லாத்துக்கும் மேல, அது யாரோட பொம்மைனு கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் விலை பேசுங்க!

இப்போ சித்தியோட குதிரை தையல் மிஷினுக்கு மேல, நூல்கண்டு ஸ்டாண்டுல நிக்குது. பாதி பூ, பாதி ஹேர்கட், முழுக் கெத்து! அளவு கொடுக்க வர்ற குட்டிப் பொண்ணுங்க முதல்ல அதைத்தான் பார்க்கறாங்க.

கிளம்பும்போது அக்கா “எவ்ளோ ஆச்சு ஆன்ட்டி?”னு கேட்டாங்க. காசு வேண்டாம்னு சொல்ல வாயெடுத்த சித்தி, மணியைப் பார்த்தாங்க. காலையில கடைக்கு வந்த முதல் ஆள் நாங்கதான்.

“ஐம்பது ரூபா கொடும்மா. போணி பண்ணாம போகக் கூடாது!”

குதிரை வாங்க வந்த அக்கா, ஐம்பது ரூபாய் கொடுத்துட்டுப் போனாங்க. எனக்கு இன்னும் நானூறு பாக்கி இருக்கு!