குட்டி டாக்டர் இல்லீங்க!

நம்ம சனங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இன்றைக்குப் போட்டு முடித்துவிடுகிறேன்.

செகந்திராபாத் பக்கம் கல்யாணமோ பொங்கல் விழாவோ, நாலு தமிழ்க் குடும்பம் கூடினால் போதும். யாராவது பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்துவார்கள். "எம்.பி.பி.எஸ். கெடைக்கலை சார். அதான் பிசிஷியன் அசிஸ்டென்ட்ல சேத்துட்டோம். குட்டி டாக்டர் மாதிரிதானே? எப்படிப் படிச்சா முன்னுக்கு வரலாம்?" பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கே இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். முன்னுக்கு வர முதல் வழி, அந்தக் 'குட்டி டாக்டரை' வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வருவது.

இது டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்குக் கட்டிய சத்திரம் இல்லை. 1965-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இதை ஆரம்பித்தபோது, முதலில் சேர்ந்தவர்கள் கடற்படையில் மருத்துவ உதவி வேலை பார்த்த நாலு பேர். நோயாளியைத் தொட்டுப் பழகிய கைகள். 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தார். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்திலும் இந்தத் தொழிலுக்குத் தனி இடம் இருக்கிறது. இதற்கு மேலும் என்ன மரியாதை வேண்டும்?

இந்தப் படிப்பில் சறுக்குகிறவர்கள் மார்க் குறைந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். கழுத்தில் ஸ்டெத் மாட்டியதும் வார்டில் 'டாக்டர் சார்' என்று கூப்பிட்டால் மறுக்காமல் திரும்பிப் பார்க்கிறானே, அவன்தான் முதலில் சறுக்குகிறான். தெரியாததைத் தெரியாது என்று மேலே இருக்கும் டாக்டரிடம் சொல்ல அவனுக்கு வாய் வராது.

பைபாஸ் முடிந்த நோயாளியின் நெஞ்சில் ரத்தம் வடிய ஒரு குழாய் இருக்கும். வடிந்துகொண்டிருந்த ரத்தம் திடீரென்று நின்றுவிட்டால் புதுசாக வந்தவன் 'நல்லாயிடுச்சு' என்று சந்தோஷப்படுவான். நன்றாகப் பழகியவனுக்கு வயிற்றைக் கலக்கும். குழாய் அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி, அதை நெருக்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிமிஷமே சர்ஜனைக் கூப்பிட வேண்டும். ராத்திரி இரண்டு மணி, திட்டுவாரோ என்று யோசித்தால் போச்சு. இந்தப் பழக்கம் கட்டில் பக்கத்தில் நின்றால்தான் வரும். நோட்ஸ் மனப்பாடம் செய்து வராது.

இன்னொன்று பாஷை. தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் தெலுங்கு நோயாளி "ஆயாசம்" என்பார். நம் ஊரில் ஆயாசம் என்றால் களைப்பு. இங்கே அது மூச்சிரைப்பு! களைப்பு என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால், இதயம் திணறுகிற ஆளை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். இங்கேயே வளர்ந்த உங்கள் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் ஹிந்தி. அதைக் கலப்படப் பேச்சு என்று திட்டுகிறீர்கள். வார்டில் அதுதான் சொத்து. வால்வு மாற்றிக்கொண்ட ஓர் அம்மாவுக்கு வார்ஃபரின் மாத்திரையை ஏன் தவறவிடக் கூடாது, ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனைக்கு ஏன் வரவேண்டும் என்று அவர் பாஷையில் புரியவைப்பவர்தான் கெட்டிக்காரர்.

பணம் கட்டும் முன்னால் கேட்கவேண்டியதையும் நம்மவர்கள் கேட்பதில்லை. பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? தினமும் எத்தனை மணி நேரம் நோயாளி பக்கத்தில்? யார் உட்கார்ந்து திருத்துவார்? ஓர் இடத்தில் இன்டர்ன்ஷிப் வருஷம் முழுக்க டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிக்கவைத்து அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு டைப்பிங் மட்டும் பிரமாதமாக வந்தது! அப்பாக்களோ ஹாஸ்டலில் சாம்பார் எப்படி என்று விசாரித்துவிட்டு லட்சங்களைக் கட்டியிருந்தார்கள்.

'முடிச்சதும் அமெரிக்கா' என்ற கனவுக்கும் ஒரு வார்த்தை. அங்கே லைசென்ஸ் தேர்வு எழுத, அவர்கள் அங்கீகரித்த படிப்பையே முடித்திருக்க வேண்டும். இந்தியப் பட்டத்தை மட்டும் காட்டி எழுத முடியாது. இதை மறைத்து யாராவது சீட் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வேலையில் தானாக மருந்துச் சீட்டு எழுத முடியாது, உண்மைதான். ஆனால் டாக்டர் எழுதிய சீட்டில் இரண்டு மருந்து ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று முதலில் கண்டுபிடித்துச் சொல்பவர் பல நாள் இவர்தான். அடுத்த முறை பிள்ளையை அறிமுகப்படுத்தும்போது 'கெடைக்கலை' என்று ஆரம்பிக்காதீர்கள். "என் பொண்ணு பிசிஷியன் அசிஸ்டென்ட்" என்று சொல்லுங்கள். நாலு வருஷப் படிப்பில் பாதித் தோல்வியை வீட்டில்தான் கட்டிக்கொடுத்து அனுப்புகிறோம்.